அரைச் சுற்று

டப்பென்று ஒரு சத்தம். கூடத்து ஃபேன் நின்றது, ஃப்ரிட்ஜ் கடைசி மூச்சை விட்டது, சமையலறையில் மிக்ஸி பாதி அரைவையில் ஊமையானது.

“என்னங்க, கரன்ட் போயிடுச்சா?” என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

“அதுவா போகல. நான்தான் அனுப்பி வச்சேன்” என்றான் மாப்பிள்ளை, ப்ளக் பாயிண்டில் விட்டு எடுத்த ஸ்க்ரூடிரைவரின் கருகிய நுனியைச் சட்டையில் துடைத்துக்கொண்டே. “டெஸ்டிங்!”

மாமனார் எழுந்து போய் ஃபியூஸைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளை ரிப்பேர் பார்க்க வந்திருந்த அவரது பழைய ஆம்ப்ளிஃபயர், ஒன்றுமே நடக்காததுபோல, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது: ங்ங்ங்ங்...

இந்த வீட்டில் மாப்பிள்ளை பெரிய ஆம்ப்ளிஃபயர் நிபுணன். அவனுக்குத் தெரிந்ததோ ஒரே ஒரு திருகு.

கல்யாணமாகி நாலு வருஷத்தில் மாமனார் அவனிடம் பேசியது ரெண்டே வார்த்தை. வரும்போது “வாங்க”, கிளம்பும்போது “சரி”. முப்பது வருஷம் பரீட்சை ஹாலில் நடந்து நடந்து பிட்டு பிடித்த வாத்தியார். அவர் பார்த்தாலே இவனுக்குத் தன் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கத் தோன்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரெக்கார்டு பிளேயரைப் போட்டதும் இதே இரைச்சல். இவன் சும்மா இருக்க மாட்டாமல் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் கையை வைத்தான். எர்த் வயரைப் பிடித்திருந்த திருகு லொடலொடத்தது. முறுக்கினான், நின்றுவிட்டது. “பரவாயில்லையே மாப்ள!” என்று மாமனார் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார். ரெண்டு மணி நேரம் சேர்ந்து பாட்டுக் கேட்டார்கள்.

அந்த நாற்காலியை விட மனசு வருமா? கிளம்பும்போது யாரும் பார்க்காத நேரத்தில் திருகை அரைச் சுற்று தளர்த்திவிட்டுப் போனான். அடுத்த ஞாயிறும் அழைப்பு வந்தது. அதற்கடுத்த ஞாயிறும். மூன்று மாதமாக நோயும் இவனே, வைத்தியனும் இவனே.

போன வாரம்தான் சொதப்பல். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று மனைவி கையைப் பிடித்து இழுத்ததில் முறுக்கிய திருகைத் தளர்த்தாமலே போய்விட்டான். அப்படியும் இன்று காலை போன்: “மாப்ள, மறுபடி இரையுது. வாங்க.”

திருகு முறுக்கியபடியேதான் இருக்கும்; அப்படியென்றால் இது நிஜமான கோளாறு! நிஜமான கோளாறுக்கு அவன் எங்கே போவான்?

இடது ஸ்பீக்கரை வலதில் மாட்டினான். ரெண்டிலும் இரைந்தது. வால்யூமைக் கூட்டினான். இரைச்சலும் கூடியது.

“கண்டுபிடிச்சிட்டீங்களா?” என்றார் மாமனார், கட்டைவிரலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைத் தடவியபடி.

“நெருங்கிட்டேன் மாமா. விரல்ல என்னாச்சு?”

“ஷேவ் பண்ணும்போது கிழிச்சிடுச்சு.”

கட்டைவிரலில் எப்போது மீசை முளைத்தது என்று கேட்கும் தைரியம் அவனுக்கு இல்லை.

வேறு வழியில்லாமல், இந்தமுறை ஞாபகமாக ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியைக் கழற்றினான். உள்ளே இருந்ததிலேயே தடியான சிவப்பு வயர் ஒன்று அவனை முறைத்தது. “இதுதான் மாமா!” என்று கட்டரை வைத்தான்.

மாமனார் பாய்ந்து வந்து கையைப் பிடித்தார். “ஐயையோ, விடுங்க!”

அவன் கட்டரைக் கீழே போட்டான். போட்டதும் உண்மையும் சேர்ந்து விழுந்துவிட்டது.

“எனக்கு ஒண்ணும் தெரியாது மாமா. பின்னாடி இருக்கிற அந்தத் திருகு ஒண்ணுதான் தெரியும். அதைப் போன வாரம் நல்லா முறுக்கிட்டுத்தான் போனேன். அப்புறமும் எப்படி மாமா இரையுது?”

மாமனார் சமையலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“போன வாரம் நீங்க லூஸ் பண்ண மறந்துட்டீங்க மாப்ள. நான்தான் பண்ணேன்.”