மின்விசிறியின் சத்தம்

இன்று ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்தினால் சாயங்காலம் ஐந்துக்குத்தான் விடுவார்கள். மோட்டார் போட்டு, சட்னி அரைத்து முடிப்பதற்குள் பரிமளாவுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. ஸ்டடி லீவில் இருக்கும் பிளஸ் டூ மகளோ இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தாள். வேர்த்தால் தானாக எழுந்துவிடுவாள் என்று, வழக்கம்போல் மின்விசிறியை நிறுத்தினாள்.

"பத்து மணிக்கே படுத்தவதானே. இன்னும் எவ்வளவு நேரம்டி தூங்குவ?"

போர்வை விலகியது. சிந்துஜாவின் கண்கள் சிவந்திருந்தன.

"எங்கம்மா தூங்குனேன். மூணு வாரமா இப்படித்தான்."

"அப்ப எந்திரிச்சுத் தொலைக்கிறதுக்கு என்ன?"

"ஃபேனப் போடும்மா. அந்தச் சத்தம் நின்னா மண்டைக்குள்ள ஓடுறதெல்லாம் கேக்குது. தாங்க முடியல."

பரிமளா சுவிட்சைப் போட்டு, வேகத்தை ஐந்துக்குத் திருகினாள். கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பதாக ஐந்து நிமிடம் இருந்தது.