மச்சானை வென்ற புறா

"புறாவுக்குத் தண்ணி காட்டினியா மாப்ளே?"

அக்காள் புருஷன் மிஸ்பர் இப்படிக் கேட்டதும் சுஹைமுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மிஸ்பரின் வல்லூறு அந்தப் புறாவை வானத்திலேயே அடித்துக் கொல்லப் பார்க்கும். அதை நாடே டிவியில் பார்க்கும். இதில் தண்ணீர் விசாரிப்பு வேறு.

"அதெல்லாம் குடிச்சாச்சு. நீங்க உங்க வல்லூறைப் பாருங்க மச்சான்."

"வண்டியில கூண்டை நல்லா இறுக்கிக் கட்டினியா? பாலைவன ரோடு, குலுங்கியிருக்கும்."

"குலுங்கல."

மனுஷனுக்கு என்ன கொழுப்பு என்று சுஹைம் பல்லைக் கடித்தான்.

இந்த சீசன் முழுக்க மிஸ்பர்தான். வல்லூறு பாயும், புறா இறகு சிதற விழும். டிவிக்காரர்கள் அதை மெதுவாக்கி மறுபடி மறுபடி காட்டுவார்கள். அப்புறம் மிஸ்பரின் முகம். டீக்கடைக்குப் போனாலும் அந்த முகம், முடிவெட்டப் போனாலும் அந்த முகம்.

சுஹைமும் வல்லூறு வளர்த்தவன்தான். இரண்டு வருஷத்துக்கு முன்பு இதே மைதானத்தில் அது புறாவைத் துரத்தாமல், டிவி வண்டியின் கூரையில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த வருஷமும் கோப்பை மிஸ்பருக்கு. அன்றிலிருந்து சுஹைம் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

போட்டி விதி எளிது. யார் வேண்டுமானாலும் ஒரு புறாவைக் கொண்டுவந்து சவால் விடலாம். புறா தப்பிவிட்டால் வல்லூறுக்காரர் அந்த சீசனை விட்டே வெளியே.

பறவை வியாபாரி அபூ வலீத் தானாகவே வீடு தேடி வந்து கொடுத்த புறா இது. "எந்த வல்லூறுக்கும் சிக்காது. பிறந்த வீட்டுக்குப் போயே தீரணும்னு பறக்கும்" என்றான். யார் வீடு என்று கேட்டதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை.

சுஹைம் அதைப் படுக்கையறையில் வைத்து, பட்டாணியை ஊறவைத்துக் கையாலேயே ஊட்டினான். "எனக்குக் காய்ச்சல் வந்தப்போ எட்டிக்கூடப் பார்க்காத மனுஷன்" என்று மனைவி முணுமுணுத்தாள். இப்படி ஒரு புறாவை வளர்த்தவன் யாரோ, அந்த முகம் தெரியாதவன் மீதும் சுஹைமுக்குப் பொறாமை வந்துவிட்டது. அவனைக் கண்டுபிடித்து எல்லாப் புறாவையும் வாங்கிவிட நினைத்து, வல்லூறுகளுக்குக் கட்டுகிற சின்ன சிக்னல் கருவி ஒன்றைப் புறாவின் காலில் கட்டியிருந்தான். அது போகும் இடமெல்லாம் செல்போனில் தெரியும்.

மிஸ்பர் வல்லூறின் கண்ணை மறைக்கும் தொப்பியைச் சரிசெய்தபடி குரலைத் தாழ்த்தினார்.

"எங்க வாப்பா ஒரு பறவையைப் பிடிச்சா, அது அன்னிக்கே சட்டியில வேகும். இங்க செத்ததை யாரு மாப்ளே சாப்பிடறா? விளம்பரம் வர்ற வரைக்கும் காட்டிட்டுக் குப்பையில போடறாங்க."

"பேரு பூரா வாங்கிக்கிட்டு இப்ப ஞானம் பேசறீங்களா? அவ்வளவு வருத்தம்னா விலகிக்க வேண்டியதுதானே?"

மிஸ்பர், முன்வரிசையில் கைத்தடியை ஊன்றி உட்கார்ந்திருந்த தன் கோத்திரத்துப் பெரியவர்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

கொடி இறங்கியது. சுஹைம் புறாவை விட்டான். வல்லூறு மேலே ஏறி, சிறகை மடக்கி, கல் மாதிரி விழுந்தது. கடைசி நொடியில் புறா தரையோடு தரையாகத் தாழ்ந்து, முள்செடிகளுக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் எழும்பியது. வல்லூறு மறுபடி பாய்ந்தது, மறுபடி ஏமாந்தது. கேமரா வண்டிகள் புழுதி கிளப்பி ஓடின. புறா வடக்கே ஒரு புள்ளியாகி மறைந்தது.

முதலில் கை தட்டியது மிஸ்பர்தான். கண்கூட லேசாகக் கலங்கியிருந்தது.

'டிவி இருக்குன்னு நடிக்கிறான்' என்று நினைத்தான் சுஹைம். ஆனாலும் வயிறு குளிர்ந்துவிட்டது. பேட்டிக்கு மைக்கோடு ஓடிவந்த பெண்ணிடம் அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினான்.

செல்போனில் புள்ளி நகர, அதன் பின்னாலேயே போனான். புள்ளி ஊருக்குள் நுழைந்து ஓரிடத்தில் நின்றது. என்ன விலை சொல்லலாம் என்று யோசித்தபடியே தெருவில் திரும்பியவன், வண்டியை நிறுத்தினான். எதிரே இரண்டு வருஷமாக மிதிக்காத வாசல்.

மொட்டை மாடியில் அவன் அக்கா லுல்வா கோதுமைக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். அவள் தோளில் அந்தப் புறா.

"வந்துட்டியா? இப்பவாவது வழி தெரிஞ்சுதே."

"அக்கா... அந்தப் புறா..."

"முட்டையிலேர்ந்து உன் மச்சான் வளர்த்ததுடா. ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு உசிரு போறது அவருக்குப் பிடிக்கல. விலகினா அவமானம்னு பெரியவங்க விடல. வேணும்னே தோக்கலாம்னா வல்லூறுக்கு நடிக்கத் தெரியாது. அதான் சிக்காத புறாவா ஒண்ணைப் பழக்கி, அபூ வலீத் மூலமா உன்கிட்ட அனுப்பினாரு."

"ஏன் என்கிட்ட?"

"வேற யாருகிட்ட குடுத்தாலும் சரியாத் தீனி வைக்க மாட்டாங்களாம், நீதான் கண்ணுல வச்சுப் பார்த்துப்பியாம்." லுல்வா புறாவின் காலிலிருந்த கருவியை மெல்லக் கழற்றினாள். "உன் பொறாமை மேல அவருக்கு அவ்வளவு நம்பிக்கைடா."