மறுபரிசோதனை

மருத்துவ முகாமில் எடுத்த பரிசோதனையில் வேலம்மாளின் கருப்பைவாய்ச் செல்கள் 'சந்தேகத்துக்குரியவை' என்று வந்திருந்தது. "புற்றுநோய்னு சொல்லல. இல்லைன்னும் சொல்ல முடியாது. ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்றாள் நர்ஸ். இது எப்படி வருமென்று கேட்டான் கணவன் சுடலைமுத்து. பெரும்பாலும் உடலுறவில் தொற்றும் கிருமியால்தான் என்றாள். உங்களிடமிருந்தே வந்திருக்கலாம் என்று அவள் சேர்த்துச் சொன்னது அவன் காதில் ஏறவில்லை.

வீடு வந்ததும், "யாரு அவன்?" என்றான். அன்றிலிருந்து தினமும் சோற்றில் கைவைக்கும் முன் அதையே கேட்டான். பதில் சொல்லி ஓய்ந்த வேலம்மாள், புற்றே வந்துவிட்டால் தேவலை என்று நினைக்கத் தொடங்கினாள்.

ஆறாம் மாதம், செல்கள் சரியாகிவிட்டன என்று தாள் வந்தது. மூச்சிரைக்க ஓடிவந்து அவனிடம் நீட்டினாள். சுடலைமுத்து இரண்டு முறை நிதானமாகப் படித்தான்.

"அப்ப அவன விட்டுட்டியா?" என்றான்.