இடது பக்கம் தொளதொள

"இது என்ன மாப்ள, கவரா? இல்ல இரவல் வாங்கிப் போட்ட சட்டையா?"

மெத்தைக் கடைக்காரர் தன் பிக்கப் வண்டியின் பின்தொட்டியை மூடியிருந்த கவரை விரலால் தூக்கிக் காட்டினார். மூன்றாக மடங்கும் ரெக்சின் கவர். வலது பக்கம் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. இடது பக்கம் கை நுழையும் அளவுக்கு வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

கவரைப் பரிசாக வாங்கிக் கொடுத்து, பொருத்தியும் விட்டவன் அவருடைய மனைவியின் தம்பி. சோபா தைக்கிறவன்.

"நேத்து மழையில மெத்தை எல்லாம் ஊறிப் போச்சு. மெத்தை வாங்கினவங்க புதுசா குடிவந்தவங்க, வெறுந்தரையில படுத்திருக்காங்க. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டாங்க என்னை!"

"தப்புதான் மாமா. க்ளாம்பை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பாக்கறேன்."

குனிந்து ஸ்பேனரைத் திருகினான். வலது பக்கம் இன்னும் விறைப்பானது. இடது பக்கம் அப்படியே இளித்தது.

"போன வாரமும் இதையேதான் பண்ணே."

"வெயில்ல ரெக்சின் இழுத்துக்குச்சு மாமா."

"ஏன், வலது பக்கம் வெயில் அடிக்கலையா?"

மச்சினன் தலையைச் சொறிந்தான்.

வாசலில் நின்ற மனைவி மெல்ல, "அவனைப் போட்டுத் திட்டாதீங்க" என்றாள்.

"தம்பியைச் சொன்னா உனக்குப் பொத்துக்கிட்டு வந்துடுமே!"

அவள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். "நீ உள்ள போக்கா" என்று தம்பி அவசரமாகத் தடுத்தான்.

"வேலை தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும் மாப்ள. இனிமே என் வண்டி மேல கை வைக்காதே. கடைக்கு வர்ற சோபா வேலையும் உனக்குக் கிடையாது. வேற ஆளைப் பாத்துக்கறேன்."

"சரி மாமா."

அந்த 'சரி' அவருக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. வண்டியை எடுத்துக்கொண்டு நேராக டிங்கரிங் பட்டறைக்குப் போனார்.

பட்டறைக்காரர் கவரை மடக்கிவிட்டு, தொட்டியின் விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"கவர்ல ஒண்ணும் கோளாறு இல்ல சார். இந்த இடத்துல விளிம்பு லேசா வளைஞ்சிருக்கு. அடியில தடியா ரப்பர் பட்டை கொடுத்தா கப்புனு உக்காந்துடும். கவர் மாட்டின அன்னிக்கே சொன்னேன், உங்க மச்சினன்தான் வேண்டாம்னுட்டாரு."

"ஏன் வேண்டாமாம்?"

"ஒரு பக்கம் மட்டும் பட்டை வச்சா ஏன்னு கேப்பீங்க, வளைவைக் கண்டுபிடிச்சிடுவீங்கன்னாரு. 'எனக்குப் பொருத்தத் தெரியலைன்னு மாமா நினைச்சுக்கட்டும், நான் திட்டு வாங்கிக்கறேன்'னு..." பட்டறைக்காரர் சட்டென்று நிறுத்தினார். "உங்ககிட்ட இன்னும் சொல்லலையா?"

"என்னத்தைச் சொல்லணும்?"

பட்டறைக்காரர் நெளிந்தார். இனி மறைத்துப் பயனில்லை என்று தோன்றியிருக்க வேண்டும்.

"நீங்க வெளியூர் போயிருந்தப்ப வீட்டம்மா வண்டியை எடுத்துட்டுப் போய் சுவர்ல உரசிட்டாங்க சார். தம்பிதான் பக்கத்துல உக்காந்து ஓட்டக் கத்துக் கொடுத்துட்டிருந்தாராம். ரெண்டு பேரும் இங்கதான் கொண்டு வந்தாங்க. நான் முடிஞ்ச வரைக்கும் தட்டி நிமித்திக் கொடுத்தேன். அவங்க அந்த ஸ்டூல்ல உக்காந்து ஒரே அழுகை."

அவருக்கு முகம் சிவந்தது. "என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, எதுக்கு இந்த வேண்டாத வேலை?"

"உங்களுக்கு இடுப்பு வலியாமே சார். லோடு அடிச்சுட்டு வந்து ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுக்கறீங்களாம். பாதி லோடையாவது தானே ஓட்டலாம்னு அவங்களுக்கு எண்ணம். அதுக்கப்புறம் டெஸ்ட்டுக்குப் போய் லைசென்ஸ்கூட வாங்கிட்டாங்க. உங்ககிட்ட சொல்லத்தான் பயம்."

அவர் வளைந்த விளிம்பில் கையை வைத்துத் தடவினார். காலையில் தான் கத்திய கத்தல் காதில் கேட்டது. 'சரி மாமா' என்றதும் கேட்டது.

"பட்டையை வச்சுடுங்க" என்றார்.

வேலை முடிந்து கவரை விரித்து இறுக்கியபோது மத்தளத் தோல் மாதிரி நின்றது. வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார்கள். ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை.

வீட்டு வாசலில் அக்காவும் தம்பியும் நின்றிருந்தார்கள். அவன் போகப் புறப்பட்டிருந்தான். அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்தியிருந்தாள். அழுதிருந்தது முகத்தில் தெரிந்தது. அவர் இறங்கியதும் முன்னால் வந்தாள்.

"ஏங்க, தப்பு அவன் மேல இல்ல. நான் உங்ககிட்ட ஒண்ணு..."

"தப்பு உன் தம்பி மேல இல்லதான்" என்று அவர் குறுக்கே புகுந்தார். "ஒரு ரப்பர் பட்டை குறைச்சல். வச்சாச்சு, சரியாப் போச்சு. மாப்ள, காலையில வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், மனசுல வச்சுக்காதே. மூணு சோபா வந்து கிடக்கு, மத்தியானம் கடைக்கு வா."

மச்சினன் அக்காவைப் பார்த்தான். அக்கா தம்பியைப் பார்த்தாள். இருவரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

அவர் வண்டியைச் சுற்றி வந்தார். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். ஓட்டுநர் இருக்கையில் அல்ல, பக்கத்து இருக்கையில். ஜன்னல் வழியாகச் சாவியை மனைவியிடம் நீட்டினார்.

"கடை வரைக்கும் நீயே ஓட்டு. இடது பக்கம் சுவர் வந்தா, நான் சொல்றேன்."