கத்துகிற கார்டு

மகள் இரண்டு வயதில் விக்கலோடு சிரித்த சிரிப்பு அவளுக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஒரு சிரிப்பு, ஒரு விக்கல், மறுபடி சிரிப்பு. இனிமேல் காதில் மட்டும்தான். பதிவு செய்து வைத்திருந்தது போன வருஷம் அழிந்துவிட்டது.

கணவர் ஊர் ஊராகப் போய் மழை, ரயில், பறவை என்று சத்தங்களைப் பதிவு செய்கிறவர். எல்லாவற்றையும் கூடத்து அலமாரியில் ஒரு பெட்டிக்குள், நாலு ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்து வைத்திருந்தார். அவர் வெளியூரில் இருந்தபோது ஒன்று கெட்டது. ஒன்று கெட்டால் மற்ற மூன்றும் தாங்கிக்கொள்ளும். உடனே மாற்றாததால் இன்னொன்றும் கெட்டு, எல்லாமே போயிற்று. பழைய டேப்புகளில் மிஞ்சியதைத்தான் மறுபடி ஏற்ற வேண்டும்.

"முதல் டிஸ்க் கெட்டதுமே சிவப்பு லைட் எரிஞ்சிருக்குமே. தினமும் தூசி தட்டுறியே, பாக்கலையா?" என்று கேட்டார்.

"எரியலைங்க."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

எரிந்திருக்கிறது. அவள் கண்ணில்தான் படவில்லை. மறுநாள் தனியாகக் கண் டாக்டரிடம் போனாள். இரண்டு கண்ணும் ஓரத்திலிருந்து இருண்டுகொண்டு வருகிறது, தள்ளிப்போடலாம், தடுக்க முடியாது என்றார் டாக்டர்.

கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மைக்கையும் பையையும் பரணில் போட்டுவிட்டு, இவள் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டோடு உட்கார்ந்துவிடுவார். அப்புறம் அவர் அவராக இருக்க மாட்டார். டம்ளர் விளிம்பில் விரலை வைத்துக் காப்பி ஊற்றப் பழகிக்கொண்டாள்.

இப்போது புதுப் பெட்டி. அதற்கு ரெய்டு கார்டு வாங்கக் கடைக்கு வந்திருந்தார்கள்.

"ரெய்டா? வீட்ல பதுக்கி வச்சதெல்லாம் வெளிய வந்துடுமே," என்றாள்.

"நாலு டிஸ்க்கையும் கட்டி மேய்க்கிற கார்டும்மா. உன்னை மாதிரி."

கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"இது நம்ம பெட்டியோட போர்டுல உட்காராது," என்று முதல் கார்டை ஒதுக்கினார் கணவர். "இது ரொம்பப் பழசு. நம்ம டிஸ்க்ல பாதி இடத்தைக் கண்டுக்கவே கண்டுக்காது," என்று அடுத்ததையும்.

"அப்ப இதைப் பாருங்க சார். போர்டு, டிஸ்க் எல்லாத்துக்கும் ஒத்துப்போகும். இருக்கிற இடமே தெரியாது."

"டிஸ்க் கெட்டா எப்படிச் சொல்லும்?"

"லைட் எரியும். உங்க போனுக்கு மெசேஜ் வரும்."

"கத்தாதா?"

"கத்தாது சார்."

"அப்ப வேணாம்."

அவளுக்குச் சுருக்கென்றது. "ஏங்க, மிக்ஸி ஓடினா மொட்டைமாடிக்கு ஓடுற ஆளு நீங்க. காலிங் பெல்லைக்கூடக் கழட்டி வச்சிருக்கீங்க."

"அது வேற."

"என்ன வேற? ஆளு ஒத்துப்போனாத்தானே கார்டு ஒத்துப்போகும்."

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தார். அடித்தட்டிலிருந்து தடியாக ஒன்றை எடுத்தார்.

"உங்க பெட்டிக்கு இதுவும் சேரும். ஆனா வாங்கினவங்க திருப்பிக் கொடுத்துட்டாங்க. டிஸ்க் கெட்டா அலற ஆரம்பிக்கும், நாமளா நிறுத்துற வரைக்கும் விடாது. வேணும்னா அந்த அலாரத்தை அணைச்சுத் தரேன்."

"அணைக்காதீங்க. ஒருதரம் கத்த விடுங்க."

கடைக்காரர் ஒரு பெட்டியில் மாட்டிக் காட்டினார். அது கத்தியது. பக்கத்துக் கடையிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. அவரோ அபூர்வமான பறவையைக் கேட்கிற மாதிரி கண்ணை மூடி நின்றார்.

"இதையே கட்டுங்க."

வீடு வரும் வழியெல்லாம் வயசு ஏற ஏற மனுஷனுக்குப் பிடிவாதம்தான் முற்றுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை கார்டை மாட்டி முடித்தார். பின்பக்கம் ஏதோ ஒரு டிஸ்க்கின் வயரை வேண்டுமென்றே பிடுங்கினார். வீடே அலறியது.

"வா, எது கெட்டுதுன்னு சொல்லு."

சத்தத்தின் வழியே அவள் நேராக நடந்து வந்தாள். எதிலும் இடித்துக்கொள்ளவில்லை.

"கையை வை. டிஸ்க்குங்களோட நாலு பிடி தட்டுப்படுதா? ஒவ்வொண்ணா தொட்டுப் பாரு. ஓடுறது துடிக்கும். செத்தது சும்மா கிடக்கும்."

"மூணாவது."

"சரி. அதை உருவிட்டுப் புதுசைச் செருகணும். மிச்சத்தைக் கார்டு பாத்துக்கும். சத்தம் போதும்னா இந்தப் பொத்தானை அமுக்கு."

அமுக்கினாள். வீடு அடங்கியது.

"அதான் இதுலயும் லைட் இருக்கே. நான் எதுக்குத் தடவித் தேடணும்?"

"கரண்ட் போய் இருட்டா இருந்தா என்ன பண்ணுவே?"

"கரண்ட் போனா பெட்டியும் நின்னுடுமே."

அவர் குனிந்து, பிடுங்கிய வயரை மறுபடி மாட்டினார்.

ஒரு வருஷமாக இந்த வீட்டில் ஒரு நாற்காலிகூட இடம் மாறவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கதவுகள் ஒன்று முழுக்கத் திறந்திருந்தன, இல்லை முழுக்கச் சாத்தியிருந்தன. அவருடைய செருப்பு ஒருநாளும் நடைவழியில் கிடக்கவில்லை. அவள் ஒளித்து வைத்ததைச் சுற்றி அவர் ஒரு வார்த்தை பேசாமல் வீட்டையே கட்டி முடித்திருந்தார்.

"எப்பத்திலிருந்து தெரியும்?"

"எரியலைங்கன்னு சொன்னியே, அன்னிக்கே. லைட் எரியாம இருந்திருக்காதுன்னு எனக்குத் தெரியுமே."

"கேட்டிருக்கலாமே."

"நீ சொல்லலை. ஏதோ காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்."

காரணம் அவள் நெஞ்சில் இடித்தது. மெல்லக் கேட்டாள். "அடுத்த வாரம் மழை பதிவு பண்ணப் போறதா சொன்னீங்களே. கிளம்புறீங்கதானே?"

"கிளம்பாம? அதுக்குத்தானே இந்தக் கத்துற கார்டு."

அடுத்த வருஷம் அவளுக்குப் பார்வை முழுதாகப் போயிற்று. அவர் ஒரு பயணத்தையும் விடவில்லை.