ஆரஞ்சு மூடி போட்ட பெட்டி

"சாமியைத் தூக்கிக் கொடுத்துட்டு, பிசாசை வச்சுக்கறியே மரகதம்! உனக்கே இது நல்லா இருக்கா?"

பக்கத்துத் தெரு அனந்தலக்ஷ்மி கராஜ் வாசலில் நின்று கேட்டாள். கேட்டாளே தவிர, கொலு பொம்மைப் பெட்டி தன் காரில் பத்திரமாக ஏறுகிறதா என்பதில்தான் கண் இருந்தது. மரகதத்தின் கணவர் சேனாபதி மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு போனார்.

அமெரிக்காவில், பிளானோ ஊரில் இருந்த இந்த வீட்டை விற்றாகிவிட்டது. இனி இரண்டு பெட்ரூம் அபார்ட்மென்ட். அங்கே சாமான் போட பால்கனியை ஒட்டி ஓர் அலமாரி. பெரிய பெட்டி ஒன்றுதான் கொள்ளும். கொலு பொம்மையா, பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் ஹாலோவீன் சாமானா என்று வந்தபோது, மரகதம் யோசிக்காமல் ஆரஞ்சு மூடி போட்ட பெட்டியைக் காட்டிவிட்டாள்.

"பொம்மைங்க உங்க வீட்டுல வருஷா வருஷம் படியில உக்காரும்க்கா. இதை யாரு எடுத்துக்குவாங்க?"

"குப்பையில போடு. உன் பசங்களுக்கே கல்யாண வயசு. இனிமே யாருக்கு இந்த எலும்புக்கூடு?"

மரகதம் சிரித்தாள். பெட்டியைத் திறந்து மறுபடி ஒருமுறை சரிபார்த்தாள். எலும்புக்கூட்டின் கைகால்களைப் பழைய வேட்டித் துணியில் தனித்தனியாகச் சுற்றியிருந்தாள். பூசணி விளக்குகளில் பேட்டரியைக் கழற்றியாகிவிட்டது. ரப்பர் முகமூடிகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க முகப் பவுடர் தூவியிருந்தது.

"இதை எங்கே வச்சிருந்தே இத்தனை வருஷமா?"

"பெட்ரூம் குளோசெட்லக்கா."

"கொலு பொம்மை?"

"மேல அட்டிக் பரண்ல. மண் பொம்மை சூடு தாங்கும். ரப்பர் உருகிடும்."

"நல்லா இருக்குடி உன் பக்தி!" அனந்தலக்ஷ்மி தலையில் அடித்துக்கொண்டாள். "ஹாலோவீன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. எங்க விஷாகா சின்னவளா இருந்தப்போ சூனியக்காரி வேஷம் போட்டு அவ அப்பாவோட போனா. திரும்பி வந்து பையைக் கொட்டினா, சாக்லேட்டுக்கு நடுவுல வெத்தலை பாக்கு! ரவிக்கைத் துணி! சூனியக்காரி நெத்தியில குங்குமம் வேற! எவளோ ஒரு பட்டிக்காடு. கோயில்ல சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம்."

காரில் பெட்டியை நகர்த்தி வைத்துக்கொண்டிருந்த சேனாபதி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"ஏங்க, அந்த டேப்பைக் கொஞ்சம் எடுங்க" என்றாள் மரகதம்.

"எனக்கு இந்தக் கண்றாவியெல்லாம் பிடிக்காதும்மா" என்று அனந்தலக்ஷ்மி தொடர்ந்தாள். "அன்னிக்கு மட்டும் வாசல் விளக்கை அணைச்சுட்டு உட்கார்ந்துடுவேன். விளக்கு எரிஞ்சா பெல் அடிச்சுண்டே இருக்கும். முன்னப்பின்ன தெரியாதவாளுக்கெல்லாம் கதவைத் திறந்துண்டு இருக்க முடியுமா?"

"எனக்கு அதுதான்க்கா பிடிக்கும். யாரையும் போய் அழைக்க வேண்டாம். விளக்கைப் போட்டு வச்சா போதும், வந்துடுவாங்க."

பெட்டியின் அடியில் மெல்லிய துணியில் சுற்றி ஏதோ இருந்தது. அனந்தலக்ஷ்மியே அதைப் பிரித்தாள். கூம்பு வடிவில் ஒரு சின்னக் கறுப்புத் தொப்பி. விளிம்பில் மங்கிய ஜரிகை.

அவள் ஜரிகையை விரலால் தடவினாள். பிறகு திருப்பிப் பார்த்தாள்.

"இது... என் அரக்குப் புடவை ஜரிகை. நான் தைச்சது."

மரகதம் தொப்பியை வாங்கிக்கொண்டாள்.

"குங்குமம் வைக்கறதுக்காகக் கழட்டினேன்க்கா. மறந்துட்டு ஓடிட்டா. அப்போ யார் வீட்டுக் குழந்தைன்னு தெரியாது. தெரிஞ்சப்போ திருப்பிக் கொடுக்க மனசு வரல."

"அந்த வெத்தலை பாக்கு...?"

"நான்தான். நாங்க இந்த ஊருக்கு வந்த வருஷம். எங்க பக்கம் வீட்டுல கொலு வைக்கிற வழக்கமே கிடையாது. இங்க வச்சா நாலு தமிழ் ஆளுங்க வருவாங்கன்னு சொன்னாங்க, வச்சேன். ஒருத்தரும் வரல. தாம்பூலத்துக்கு வாங்கினதெல்லாம் ஃப்ரிட்ஜ்ல அப்படியே கிடந்துச்சு. அடுத்த வாரம் திடீர்னு பெல் அடிக்குது. ஹாலோவீன்னா என்னன்னு எனக்கு என்ன தெரியும்? கதவைத் திறந்தா உங்க பொண்ணு மட்டும் கையில பையோட நிக்கறா, அவ அப்பா தூரத்துல இருட்டுல. இந்த நாட்டுல எங்க வீட்டுக்கு வந்த முதல் ஆளு அவதான். வீட்டுல இருந்ததைக் கொடுத்தேன்."

அனந்தலக்ஷ்மி மரகதத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கொலுவுக்குக் கூப்பிட்டிருந்தா நான் ஓடி வந்திருப்பேனே!"

காரின் பின்கதவைச் சாத்திவிட்டு வந்த சேனாபதி இதைக் கேட்டார்.

"கூப்பிட வந்தோமுங்களே. வாசல்ல கோலம் போட்டிருந்தது இந்தப் பக்கத்துலயே உங்க வீடு ஒண்ணுதான். தமிழ்க்காரங்கன்னு ஆசையா குங்குமச் சிமிழோட வந்து பெல் அடிச்சோம். ரொம்ப நேரம் நின்னோம்."

"அன்னிக்கு அக்கா வீட்டுல இல்லைங்க" என்றாள் மரகதம் அவசரமாக.

சேனாபதி புருவத்தைச் சுருக்கினார்.

"அதெப்படி? உள்ளே விளக்கு எரிஞ்சுதே!"