குடும்பத்தார் அறை

மேகலா கடைசியாகக் குடித்து முப்பத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. குடியை நிறுத்த நினைப்பவர்களின் கூட்டம் தேவாலயத்துக்குப் பின்னால் நடப்பதாகக் கேட்டு, விசாரித்துக்கொண்டே வந்திருந்தாள். வாசலில் நின்றவர் அவள் பேசுவதற்குள் கையைக் காட்டினார்.

"குடும்பத்துக்காரங்க அந்த ரூம்மா."

மேகலா அந்த அறைக்குள் போனாள். அங்கே ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். ஸ்டெல்லா என்பவள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"எங்காளு பாட்டிலை அரிசி டிரம்முல ஒளிச்சு வைக்கும்," என்றாள் ஒருத்தி.

"பரவால்லக்கா. எங்க வீட்ல சாமி படத்துக்குப் பின்னாடி."

எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்து அறையில் ஆண்கள் யாருக்கோ கைதட்டினார்கள். ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனால் இன்றைக்கே குடித்துவிடுவோம் என்று மேகலாவுக்குத் தெரிந்தது.

ஸ்டெல்லா அவள் பக்கம் திரும்பினாள். "உங்க வீட்ல எங்கேம்மா?"

"ஷாம்பூ பாட்டில்ல."

"அடப்பாவி. நுரைக்காதா?"

"வெந்நீர்ல நாலஞ்சு தடவை கழுவினா நுரைக்காதுக்கா."

"கழுவி வேற வைக்கிறானா உன் புருஷன்? எங்காளு குடிச்ச டம்ளரைக்கூடக் கழுவாது."

மறுபடி சிரிப்பு. அது அடங்கும்வரை மேகலா காத்திருந்தாள்.

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலைக்கா. கழுவுறதும் நான்தான், குடிக்கிறதும் நான்தான்."